விஸ்லரின் வண்ணத்துப்பூச்சி

கிரேக்க மொழியிலே உயிருக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் சொல் ஒன்றே. கூட்டை விட்டு வெளிப்படும் அச்சிற்றுயிரில், உடலை நீங்கும் ஆன்மாவை அம்மக்கள் கண்டனர். அச்சோவிய வரலாற்றிலோ அது வேறொரு பொருளையும் பெற்றது. அதனை அளித்தவர் ஜேம்ஸ் விஸ்லர் (1834–1903) என்னும் அமெரிக்கர்.

இளமையில் அமெரிக்கக் கடற்கரை அளவைத் திணைக்களத்தில் வேலை பார்த்தபோது செப்புத் தகட்டிற் கீறும் தொழிலைக் கற்றவர் அவர். பின்னர் இலண்டனிற் குடியேறி, 1860களின் பிற்பகுதியில், தம் பெயரின் முதலெழுத்துக்களைப் பிணைத்து வண்ணத்துப்பூச்சி வடிவான முத்திரை ஒன்றை அமைத்துக்கொண்டார். அப்பொழுது அது ஓர் அலங்காரமே.

1877இல் அவருடைய இரவுக்காட்சி ஓவியம் ஒன்றையும், அதற்குக் கேட்ட 200 கினி விலையையும் ஜோன் ரஸ்கின் என்னும் பேரறிஞர் கடுமையாக இகழ்ந்து எழுதினார். விஸ்லர் மானநட்ட வழக்குத் தொடுத்தார். அடுத்த ஆண்டு தீர்ப்பு அவர் பக்கமே சாய்ந்தது. கிடைத்த நட்டஈடோ ஒரு பார்திங், அதாவது கால் பென்னி! வழக்குச் செலவும் கிடைக்கவில்லை. முன்பே கடன்பட்டிருந்தவர் 1879இல் வங்குரோத்தானார்; புதிதாகக் கட்டிய வீடும் விலைப்பட்டது.

அவ்வாண்டே இலண்டன் கலை விற்பனை நிலையம் ஒன்று, பன்னிரண்டு செப்புத்தகட்டுப் படங்கள் வேண்டி அவரை வெனிசுக்கு அனுப்பியது. மூன்று மாத வேலைக்குச் சென்றவர் ஓராண்டுக்கு மேல் தங்கி, ஏறக்குறைய ஐம்பது தகடுகளை ஆக்கினார்.

மெழுகு பூசிய தகட்டில் ஊசியாற் கீறி அமிலத்தில் இட்டால், கீறிய இடம் அரிக்கப்படும். அப்பள்ளத்தில் மை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்துக் காகிதத்தில் அழுத்துவர். சுத்தமாகத் துடைப்பது பொது வழக்கம். விஸ்லரோ மெல்லிய மைப்படலத்தை வேண்டுமென்றே விட்டுவைத்தார். அதனால் ஒரே தகடு ஒரு பிரதியில் வைகறையாகவும் மற்றொன்றில் நள்ளிரவாகவும் தோன்றும். அச்சிடுதலும் வரைதலைப்போன்ற கலையே, பிறரிடம் ஒப்படைக்கும் கூலிவேலையன்று என்பது அவர் துணிபு.

அகன்ற வெள்ளை ஓரங்களைச் சேகரிப்போர் போற்றிய அக்காலத்தில், அவர் அவ்வோரங்களைப் படத்தின் விளிம்போடு வெட்டியெறிந்தார். அடியில் நாக்குப்போன்ற சிறு துண்டை மாத்திரம் விட்டு, அதிலே பென்சிலால் வண்ணத்துப்பூச்சியை வரைந்து, அச்சிட்டவரும் தாமே என்பதைக் குறிக்கும் இலத்தீன் சுருக்கத்தையும் எழுதினார். இதனை வீண்பெருமை என்பாரும் உளர். முற்றாக மறுத்தல் இயலாது. எனினும், கால் பென்னிக்கு மதிக்கப்பட்ட ஒருவர் ஒவ்வொரு பிரதிக்கும் தாமே பொறுப்பேற்று நின்றார் என்பதும் உண்மை. அச்சோவியர் இன்றும் படத்தின் அடியிற் பென்சிலாற் கையொப்பமிடும் வழக்கத்துக்கு அவர் முன்னோடிகளுள் ஒருவர்.

காலப்போக்கில் அப்பூச்சிக்கு வாலில் ஒரு கொடுக்கும் முளைத்தது. அவ்வழக்கின் கதையையும் சேர்த்து 1890இல் அவர் வெளியிட்ட நூலின் பக்கங்களில், அது கொடுக்கை நீட்டியவாறு பறந்து திரிகின்றது.