குழந்தையைக் காப்பகத்தில் சேர்க்கும் வயது

கைக்குழந்தையையோ தவழும் பிள்ளையையோ பகற்பொழுதில் வீட்டாரல்லாத ஒருவர் பொறுப்பில் விடும் இடம் குழந்தைக் காப்பகம். நகரங்களில் கிரெச், டே கேர் என்பார்கள். இலங்கை மலையகத் தோட்டங்களில் பிள்ளைக் காம்பரா. எந்த வயதில் சேர்ப்பது என்பதைக் குழந்தை மருத்துவ நூல்களைவிடத் தாயின் விடுப்பு தீரும் தேதியே பெரும்பாலும் முடிவு செய்கிறது. அமெரிக்காவில் 1993-ஆம் ஆண்டுச் சட்டம் தருவது சம்பளமில்லாத 12 வாரம். அங்கே ஆறு வாரக் குழந்தையையும் ஏற்கும் காப்பகங்கள் உண்டு. பெற்றோர் இருவருக்குமாக 480 நாள் விடுப்பு தரும் சுவீடனில் ஒரு வயது நிரம்பாத பிள்ளையைக் காப்பகத்தில் காண்பது அரிது. ஜெர்மனியில் ஒரு வயது நிறைந்த குழந்தைக்குக் காப்பக இடம் 2013 ஆகஸ்ட் 1 முதல் சட்டப்படியான உரிமை.

இந்தியச் சட்டங்கள்

1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் 12 வார விடுப்பு தந்தது. 2017-இல் வந்த திருத்தம் முதல் இரு குழந்தைகளுக்கு அதை 26 வாரமாக்கியது. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையோடு இது பொருந்திவருவதுபோலத் தோன்றும். ஆனால் பிரசவத்துக்கு முன்பே எட்டு வாரம் வரை எடுக்கலாம். முழுவதையும் எடுத்தவருக்கு மிஞ்சுவது 18 வாரம். அவர் வேலைக்குத் திரும்பும்போது குழந்தைக்கு நான்கு மாதம்தான். தமிழ்நாடு அரசு ஊழியருக்கோ 2021 ஜூலை முதல் 365 நாள். ஒரே தெருவில் ஆசிரியை வீட்டுப் பிள்ளை நடக்கப் பழகும் வயதிலும், கம்பெனி வேலைக்காரர் வீட்டுப் பிள்ளை கழுத்து நின்ற வயதிலும் காப்பகம் போவது இதனால்தான்.

2017 திருத்தத்தின்படி, 50 பேருக்குக் குறையாத ஊழியர் உள்ள நிறுவனம் காப்பக வசதி தர வேண்டும். தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கலாம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 30-க்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் ஆலைகளுக்கும், 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தேயிலைத் தோட்டங்களுக்கும் இதே கடமையை முன்னரே விதித்திருந்தன. வீட்டு வேலை செய்பவரும் சிறு கடைகளில் நிற்பவரும் இந்தக் கணக்குகள் எதிலும் வருவதில்லை. 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடியில் (பேச்சுவழக்கில் பால்வாடி) ஆறு மாதத்திலிருந்தே சத்துமாவு கிடைக்கும். ஆனால் பகலில் பிள்ளையை விட்டுவர, அது கொஞ்சம் வளர்ந்திருக்க வேண்டும். நடுவிலுள்ள காலத்தைப் பாட்டிமார்தான் சமாளிக்கிறார்கள். மத்திய அரசின் பால்னா திட்டம் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான பிள்ளைகளுக்குக் காப்பகம் நடத்துவது இந்தக் குறையை நிரப்பத்தான்.

வயதும் பிள்ளையும்

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை யார் தூக்கினாலும் போகும் என்பதால் அப்போது சேர்ப்பது எளிது எனத் தோன்றும். சிக்கல் பாலில் இருக்கிறது. பீய்ச்சி எடுத்த தாய்ப்பாலை 25 பாகை செல்சியஸ் வரையிலான அறையில் நான்கு மணி நேரம் வைக்கலாம். சித்திரை மாதச் சென்னையில் அந்தக் கணக்கு செல்லாது. ஃப்ரிட்ஜ் உள்ள காப்பகமாகப் பார்க்க வேண்டும். தட்டம்மை-ரூபெல்லா முதல் தடுப்பூசியும் இந்திய அட்டவணைப்படி ஒன்பது மாதம் நிறைந்த பிறகே. சளி, காய்ச்சல் எந்த வயதில் சேர்த்தாலும் முதல் ஆண்டில் கூடத்தான் செய்யும். பெரிய காப்பகங்களில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பள்ளி வயதில் சளி குறைவாக வந்ததை அமெரிக்காவின் டூசான் நகர ஆய்வு காட்டியது.

ஏழெட்டு மாதத்தில் பிள்ளை வேற்றுமுகம் பார்க்கத் தொடங்குகிறது. பத்திலிருந்து பதினெட்டு மாதம் வரை பிரிவு அச்சம் உச்சத்தில் இருக்கும். புதிதாகச் சேர்க்கக் கடினமான காலம் இது. நாலு மாதத்திலிருந்தே சிரித்துக்கொண்டு போன குழந்தைகூடப் பத்தாம் மாதம் திடீரென வாசலில் அலறலாம். காப்பகத்தில் ஏதோ நடந்துவிட்டதென்று பெற்றோர் பதறுவார்கள். விசாரிப்பதில் தவறில்லை, ஆனால் பெரும்பாலும் அது வயதின் வேலை. இரண்டரை, மூன்று வயதில் பகலில் நடந்ததை வீட்டில் வந்து சொல்லத் தெரிந்துவிடும். அதுவரை பொறுக்கிறோம் என்று சொல்லும் பெற்றோரின் எச்சரிக்கையைப் பழமை என்று ஒதுக்க முடியாது.

ஆய்வுகள்

ஜான் பவுல்பி 1951-இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு எழுதிய அறிக்கை, தாயைப் பிரிந்த பிள்ளைகளைப் பற்றியது. அதைக் காட்டிக் காப்பகமே தீங்கு என்று பலர் வாதிட்டனர். விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் நீண்ட நாள் விடப்பட்ட பிள்ளைகளின் நிலையை, மாலையில் வீடு திரும்பும் பிள்ளைக்குப் பொருத்துவது சரியன்று. 1991-இல் அமெரிக்காவில் பத்து இடங்களில் தொடங்கிய ஆய்வு ஒன்று 1,300-க்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தது. காப்பகத்தில் விடுவது மட்டுமே தாய்-சேய்ப் பிணைப்பைக் குலைப்பதில்லை என்றது அது. நல்ல கவனிப்பு கிடைத்தவர்களின் பேச்சுத்திறன் சற்றே மேம்பட்டிருந்தது. நீண்ட நேரம் காப்பகத்தில் கழித்தவர்களிடம் முரட்டுத்தனம் சற்றே கூடியிருந்தது. இரண்டையும்விடக் குடும்பச் சூழலே பிள்ளையின் வளர்ச்சியைப் பெரிதும் தீர்மானித்தது. ஆகவே வயதைக் கேட்குமுன் ஓர் ஆயாவுக்கு எத்தனை பிள்ளை என்று கேட்பது பயனுள்ளது. இங்கிலாந்தில் இரண்டு வயதுக்கு உட்பட்டோரில் ஒருவருக்கு மூன்று பிள்ளைக்கு மேல் கூடாது.

பழக்குதல்

ஜெர்மனியில் பரவலாகப் பின்பற்றப்படும் பெர்லின் முறையில், முதல் மூன்று நாளும் தாயோ தந்தையோ பிள்ளையுடன் ஏறக்குறைய ஒரு மணி நேரம் அறையிலேயே உட்கார்ந்திருப்பார், பிரிவு கிடையாது. நான்காம் நாள்தான் சொல்லிவிட்டு வெளியேறுவார், அதுவும் அதிகம் போனால் அரைமணி நேரம். பிள்ளை தேறவில்லையென்றால் பழக்கும் காலம் நீளும். இரண்டு, மூன்று வாரம்கூட ஆகலாம். கண் மறைவாக நழுவிப் போவது இம்முறையில் இல்லை. நம் ஊரில் வேடிக்கை காட்டிவிட்டு நழுவுவதே வழக்கம். மறுநாள் பிள்ளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பழக்கும் நாள்களையும் விடுப்புக்குள்தான் அடக்க வேண்டும். 26 வாரத்தையும் பிரசவத்துக்குப் பின்னரே எடுக்கும் தாய், 23-ஆம் வாரம் முடிந்ததுமே பிள்ளையோடு காப்பகத்தில் போய் உட்காரத் தொடங்க வேண்டியிருக்கும்.