பன்றியாழ்வான் மேட்டுக் கலகமும் அதனை எழுதியோரும்

பதினான்காம் நூற்றாண்டில் திருவரங்கத்துக்கு நேர்ந்த அழிவைப் பற்றி இருவகைச் சரித்திரங்கள் வழங்குகின்றன. கோயிலொழுகும் குருபரம்பரை நூல்களும் கூறுவது ஒன்று. கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் எழுதப்பெற்றது மற்றொன்று. இரண்டும் ஒரே நிகழ்ச்சியைப் பேசுவனவே. ஆயினும் முன்னது கூறுவனவற்றுள் பாதிக்கு மேல் பின்னதில் காணக்கிடைப்பதில்லை.

1311-இல் மாலிக் காபூரின் படையும், 1323-ஐ ஒட்டி உலூக் கானின் படையும் தென்னாடு புகுந்தன. பின்னைய படையெடுப்பின்போது பன்னீராயிரவர் தலை கொடுத்தனர் என்று ஒழுகு குறிக்கிறது. இது பட்டோலை பார்த்து எண்ணிய கணக்கன்று, பரம்பரையின் நினைவு. தொகையை ஐயுறுவதால் கொலையை ஐயுற்றதாகாது. மூலவர் திருமுன்பே கல்திரை எழுந்தது. முதிர்ந்த வயதினரான பிள்ளை லோகாசாரியர் உற்சவரை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு தெற்கே சென்று ஜ்யோதிஷ்குடியில் திருநாட்டை அலங்கரித்தார். வேதாந்த தேசிகரோ, சுதர்சன சூரியின் ச்ருதப்ரகாசிகை ஏடுகளையும் அவருடைய இளங்குமாரர் இருவரையும் காக்கப் பிணங்களின் நடுவே மறைந்து கிடந்தார் என்பர். ஸ்ரீபாஷ்யத்தை இன்று வாசிப்போர் கையில் அவ்வியாக்கியானம் இருப்பது அவ்விரவின் பயனே.

இப்பழைய நூல்களின் கவலையெல்லாம் எது போயிற்று, எது மீந்தது, எவர் காத்தார் என்பதே. பிற்காலத்தாரின் கேள்வி வேறு: எந்த இனம் எந்த இனத்தை வென்றது? இக்கேள்விக்கு வித்திட்டதில் எலியட்டும் டௌசனும் 1867 முதல் 1877 வரை வெளியிட்ட எட்டுத் தொகுதிகளுக்குப் பெரும்பங்குண்டு. பாரசீக நூல்களின் பகுதிகளைத் தெரிந்தெடுத்து மொழிபெயர்த்தால் ஆங்கில ஆட்சியின் நன்மை இந்நாட்டவர்க்கு விளங்கும் என்பதை எலியட் தம் முன்னுரையில் மறைக்கவில்லை. தேசிய உணர்ச்சியோடு எழுதப் புகுந்தவர்கள் ஆங்கிலேயரின் முடிபை மறுத்தார்கள். அவர்கள் வகுத்த கட்டத்தை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். 1916-இல் திருவனந்தபுரத்தில் கங்காதேவியின் மதுராவிஜயம் கிடைத்தபின் கம்பணரின் வெற்றியே கதையின் மையமாயிற்று.

அக்கட்டத்துள் அடங்காத சான்றுகள் பல. 1342-ஐ ஒட்டி, திருவரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடத்துக்கு அப்பாலுள்ள கண்ணனூர்க் கொப்பத்தை முற்றுகையிட்ட போசள மன்னர் மூன்றாம் வல்லாளர், மதுரைச் சுல்தானிடம் பிடிபட்டு மாண்டார். வல்லாளரின் சேனையில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 20,000 பேர் இருந்தனர் என்று இபின் பதூதா எழுதுகிறார். அச்சுல்தான் கியாசுத்தீன் அவருடைய மனைவியின் சகோதரியை மணந்தவர். எனினும் பெண்டிரையும் குழந்தைகளையும் அவன் கொன்ற கொடுமையை அவர் கண்டித்தே எழுதினார். கொடுமையை மட்டும் எடுத்துக்கொண்டு, கண்டித்தவர் எவர் என்பதையும் வல்லாளரின் படையில் நின்றவர் எவர் என்பதையும் விட்டுவிடுவது சரித்திரமாகாது.

எதிர்ப்பக்கத்துப் பிழையும் உண்டு. நாட்டின் ஒற்றுமைக்கு ஊறு வரும் என்றஞ்சி, நடந்தது வெறும் பொருட்கொள்ளை என்று சுருக்கி, துலுக்க நாச்சியாரின் காதலை மட்டும் விரித்துரைப்பாரும் உளர். அரங்கன் திருமேனியில் நெஞ்சிழந்த தில்லி இளவரசிக்கு ஸ்ரீரங்கத்தில் சன்னதி இருப்பது மெய்யே. பெருமாளுக்கு ரொட்டி அமுது செய்விப்பதும் மெய்யே. ஆயின் அவளைச் சொல்லும் அதே ஒழுகுதான் பன்னீராயிரவரையும் சொல்கிறது. ஒன்றை மற்றொன்றுக்கு மாற்றாக அது வைக்கவில்லை. இரண்டையும் ஏந்தி நிற்க அதற்குக் கூச்சமும் இருந்ததில்லை.

உற்சவரின் மீட்சியிலும் இவ்வேறுபாடு தெரிகிறது. திருமலையிலிருந்து செஞ்சிக்கும், அங்கிருந்து திருவரங்கத்துக்கும் பெருமாளை எழுந்தருளப் பண்ணிய கோபணாரியரை 1371-ஆம் ஆண்டுக் கல்வெட்டு இரு சுலோகங்களால் புகழ்கிறது. தேசிய வரலாறுகள் விடாது எடுத்துக்காட்டுவது இக்கல்வெட்டையே. ஒழுகு சொல்லும் அடுத்த செய்தியோ அவற்றுள் அரிதாகவே இடம்பெறும். பெருமாள் வெளியூர்களில் இருந்த காலத்தில் கோயிலில் வேறொரு திருமேனி பிரதிஷ்டையாகியிருந்தது. பழைய மூர்த்தி எது என்று வழக்கு எழுந்தது. நேரில் கண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் மறைந்துவிட்டனர். எஞ்சியிருந்த கண்ணிழந்த முதிய வண்ணார் ஒருவர், இரு திருமேனிகளுக்கும் திருமஞ்சனம் செய்து, சாற்றிய ஈரவாடைத் தீர்த்தத்தைச் சுவைத்துப் பார்த்து, இவரே நம் பெருமாள் என்றார். உற்சவருக்கு நம்பெருமாள் என்ற திருநாமம் நிலைத்தது அவர் வாய்ச்சொல்லால். இடைக்காலத்தில் பூசை கொண்ட மற்றத் திருமேனியும் அகற்றப்படாமல், திருவரங்க மாளிகையார் என்ற பெயரோடு இன்றும் கர்ப்பக்கிருகத்திலேயே எழுந்தருளியிருக்கிறது.