இழுவை

'இழு' என்னும் வினையடியோடு 'வை' விகுதி சேர்ந்து பிறந்த பெயர் இழுவை. போர்வை, பார்வை, மிதவை போல. கடலில் இழுவைமடி, துறைமுகத்தில் இழுவைப்படகு என்று நன்கு புழங்கும் சொல்.

ரேடியோவால் இயக்கும் மாதிரி விமானங்களுக்கும் இது அழகாகப் பொருந்துகிறது. நான்கைந்து மீட்டர் இறக்கை கொண்ட, எஞ்சின் இல்லாத கிளைடரை மின்மோட்டார் பூட்டிய விமானம் நைலான் கயிற்றால் மேலே இழுத்துப் போகிறது. கயிற்றின் இரு முனையிலும் வளையம் உண்டு; அது விமானத்தில் உள்ள ஓர் ஊசியில் மாட்டியிருக்கும். சர்வோ என்னும் சின்ன மோட்டார் அந்த ஊசியைப் பின்னுக்கு இழுத்ததும் வளையம் நழுவிவிடும். கிளைடர் தாறுமாறாக ஆடினால் முன்விமானத்தை ஓட்டுபவரே கழற்றிவிடலாம்.

ஜெர்மானியர் இதை 'எஃப்-ஷ்லெப்' என்பர். 'ஷ்லெப்பன்' என்றால் இழுத்துச் செல்லுதல். ஆங்கிலத்தில் இழுக்கும் விமானம் 'டக்', இழுக்கும் செயல் 'டோ'. இரண்டுக்கும் வேர் ஒன்றே. ரயிலைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லான 'ட்ஸூக்' கூட அந்த வேரின் கிளைதான்!

காற்று பின்னுக்குப் பிடித்திழுக்கும் தடையையும் சிலர் இழுவை என்றே எழுதுகிறார்கள். படிப்பவர் குழம்பிப்போவார். அதைப் 'பின்னிழுவை' என்றும், கயிறு கட்டி இழுப்பதை 'இழுவை' என்றும் பிரித்தே எழுதுங்கள்.