கடல் ஒளிப்படக்கலை

கடலலைகளையும் கரையோர மக்களின் வாழ்வையும் படமாகப் பதியும் கலை கடல் ஒளிப்படக்கலை எனப்படும். இதை இயற்கைக்காட்சிப் படக்கலையின் ஒரு கிளையாகச் சேர்ப்பது வழக்கம். ஆனால் மலையும் மரமும் படம்பிடிப்பவருக்காகக் காத்து நிற்கும், அலை நிற்காது. அதனால் இக்கலையின் முதல் நூறு ஆண்டுக் கதை பெரும்பாலும் ஒளியோடும் நேரத்தோடும் நடந்த போராட்டத்தின் கதைதான்.

1839இல் ஒளிப்படம் உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது ஒரு காட்சியைப் பதியப் பல நிமிடங்கள் தேவைப்பட்டன. கடல் வெறும் வெளிறிய பரப்பாகவே பதிந்தது. 1851இல் பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறை அந்த நேரத்தைச் சில நொடிகளுக்குக் குறைத்தது. வேல்ஸ் நாட்டின் ஜான் டில்வின் லெவலின் 1850களின் முற்பாதியிலேயே காஸ்வெல் விரிகுடாவில் உடையும் அலைகளைப் பதிந்தார்.

இக்கலையை மக்கள் வியந்து பார்க்கும் நிலைக்கு உயர்த்தியவர் பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே (1820–1884). ஓவியராகப் பயின்றவர். 1856 முதல் நார்மண்டிக் கரையிலும் மத்தியதரைக் கடலோரத்திலும் அவர் எடுத்த படங்கள் பாரிசிலும் லண்டனிலும் பெரும் புகழ் பெற்றன. அவர் எதிர்கொண்ட தடைகள் சாதாரணமானவை அல்ல. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் படம்பிடித்துக் கழுவிவிட வேண்டும். எனவே இருட்டுக் கூடாரமும் கடற்கரைக்கே வந்தாக வேண்டும். அந்தத் தகடு நீல ஒளியை மிகையாக உள்வாங்கும் என்பதால், கடலுக்குப் போதுமான ஒளி கொடுத்தால் வானம் மேகமே இன்றி வெளுத்துவிடும். செத் நகரில் 1857இல் எடுத்த ‘பேரலை’ படத்தில் லெ கிரே இதற்கு ஒரு வழி கண்டார். கடலை ஒரு நெகட்டிவிலும் வானத்தை இன்னொன்றிலும் பதிந்து, இரண்டையும் தொடுவானக் கோட்டில் இணைத்து ஒரே தாளில் அச்சிட்டார். ஒரே வானம் அவருடைய வெவ்வேறு படங்களில் திரும்ப வருவதும் உண்டு. இதை ஏமாற்று என்று சொல்வது நியாயமாகாது. கண் ஒரே பார்வையில் கண்டதைத் தகட்டால் தர முடியாதபோது, அதைத் தாளில் மீட்டுத் தந்தார் என்பதே பொருத்தம். 1999இல் லண்டன் ஏலத்தில் இப்படத்தின் ஒரு பிரதி 5,07,500 பவுண்டுக்கு விற்று, ஒளிப்படங்களுக்கு அதுவரை இல்லாத விலையைத் தொட்டது. லெ கிரேயோ கடனில் மூழ்கி, 1860இல் பிரான்சை விட்டு வெளியேறி, கெய்ரோவில் ஓவிய ஆசிரியராக இருந்து மறைந்தார்.

அலைக்குள்ளேயே இறங்கிப் படம்பிடிக்கும் பழக்கம் பிறகு வந்தது. அமெரிக்க அலைச்சறுக்கு வீரர் டாம் பிளேக் நீர்புகாத பெட்டியைத் தாமே செய்து, கேமராவை அதில் வைத்துச் சறுக்குப் பலகையோடு கொண்டுபோனார். அவர் படங்கள் 1935இல் நேஷனல் ஜியாகிரஃபிக் இதழில் வெளிவந்தன.

அலையைப் படம்பிடிக்க, அது எங்கே உடையும் என்று முன்கூட்டியே அறிய வேண்டும். ஆழம் குறையும் இடத்தில் அலையின் வேகம் தணிந்து முகடு உயர்கிறது. அலையின் உயரம் நீரின் ஆழத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை எட்டும்போது அது உடைகிறது. மணல் திட்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்தவருக்கு அலை உடையும் இடமும் தெரியும். அந்த அலை படத்தில் எப்படித் தெரியும் என்பதை ஷட்டர் திறந்திருக்கும் நேரம் தீர்மானிக்கிறது. ஷட்டர் வேகம் 1/1000 நொடி என்றால் ஒவ்வொரு துளியும் உறைந்து நிற்கும். 1/8 நொடியில் நீர் கோடுகளாக இழுபடும். கரும் ஃபில்டர் மாட்டி முப்பது நொடி திறந்து வைத்தால் கடல் பனிமூட்டமாகிவிடும். முன்னோடிகளுக்குக் குறையாக இருந்த அந்த மூட்டம் இன்று பாணியாகிவிட்டது. அது அழகுதான், ஆயினும் எல்லாக் கடலையும் ஒரே கடலாக்கிவிடுகிறது. ஜப்பானின் ஹிரோஷி சுகிமோட்டோ 1980 முதல் எடுத்துவரும் கடற்காட்சிகளில் தொடுவானம் படத்தைச் சரிபாதியாகப் பிரிக்கிறது. அங்கேயும் ஒவ்வொரு கடலும் தன் ஒளியால் வேறுபடுகிறது.

கரையோர வாழ்வைப் பதிந்தவர்களில் தலைசிறந்தவர்கள் பெரும்பாலும் அந்தக் கரையிலேயே வாழ்ந்தவர்கள். இங்கிலாந்தின் விட்பி துறைமுகத்தில் ஸ்டூடியோ நடத்திய பிராங்க் மெடோ சட்கிளிஃப் (1853–1941) மீனவர்களையும், தூண்டில் இரைக்குச் சிப்பி சேகரித்த பெண்களையும், துறைமுகத்தில் நீந்தி விளையாடிய சிறுவர்களையும் பதிந்தார். ஜப்பானின் ஒன்ஜுகுவில் பிறந்த யோஷியூக்கி இவாசே (1904–2001), மூச்சடக்கி மூழ்கிக் கடல்பாசியும் சிப்பியும் எடுத்த ‘அமா’ பெண்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து படம்பிடித்தார். அந்தத் தொழில் அருகிவிட்ட நிலையில், அவருடைய படங்களே அதன் முதன்மைச் சான்றுகளில் சேர்ந்துவிட்டன. வந்துபோகும் பயணியின் கேமராவுக்கு இத்தகைய நெருக்கம் எளிதில் வாய்ப்பதில்லை.

நம் கரைகளிலும் ஒளியும் நேரமும் அறிந்து காத்திருக்க வேண்டும். கிழக்கே சோழமண்டலக் கரையில் சூரியன் கடலிலிருந்து எழுவதால், காலை ஒளி அலையின் பின்னாலிருந்து வந்து மெல்லிய முகட்டை ஊடுருவிப் பச்சையாக ஒளிர வைக்கும். மேற்குக் கரையில் இந்த ஒளி மாலையில்தான் கிடைக்கும். கரையோர மக்களின் வேலையைப் பதியவும் இதே பொறுமை வேண்டும். கரையிலிருந்தே வலையை இழுத்து மீன்பிடிக்கும் கரைவலை இழுப்பைப் படம்பிடிப்பவர்கள் பெரும்பாலும் வலை மணலேறும் தருவாயில் வந்து, மீனை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். படகு வலையை வளைத்து விட்டு வருவதும், இரு அணிகள் கயிற்றின் இரு முனைகளையும் பிடித்து மெல்ல நெருங்குவதும், மீன் சேரும் மடி கரையேறிய பின் பங்கு பிரிப்பதும் பல மணி நேரம் நீளும் வேலை. அதை முழுமையாகப் பதிய விரும்புபவர் படகு தள்ளும்போதே கரையில் இருக்க வேண்டும்.