யாளியும் தொழிலாளியும்

ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு மலையேறும் பாதையில் தோட்டக் கோயில்கள் பலவற்றைக் காண்கிறோம். அவற்றுட் சிலவற்றின் தூணிலோ தேரிலோ சிங்க முகமும் யானைத் துதிக்கையும் கொண்ட விலங்கொன்று நிற்கும். இஃது என்ன மிருகம் என்று கேட்கும் குழந்தைக்கு, ‘யாளி’ என்று விடை கூறிவிட்டு நாம் அப்பால் நகர்ந்துவிடுகிறோம். அச்சொல்லின் வரலாற்றைச் சற்றே நின்று ஆராய்வோமாயின், நம் மக்களின் வரலாறும் அதனருகே வந்து நிற்கக் காண்போம்.

பழந்தமிழில் இதன் பெயர் ஆளி. குறிஞ்சிப்பாட்டு புலியோடும் கரடியோடும் சேர்த்து இதனை மலைவழியின் கொடிய விலங்குகளுள் ஒன்றாக எண்ணுகிறது. பொருநராற்றுப்படை இளமையிலேயே பகை வென்ற கரிகாலனுக்கு ஆளிக் குருளையை உவமை கூறுகிறது. அகநானூற்றில் யானையும் இதற்கு அஞ்சுகிறது. புலவர்க்குக் காட்டு விலங்காக இருந்ததைச் சிற்பியின் உளி பல விலங்குகளின் கலப்புருவாக வளர்த்தது. மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்துப் பல்லவர் குகையைச் சூழ்ந்திருப்பவை யாளித் தலைகளே. மக்களோ அதனைப் புலிக்குகை என்கின்றனர். நாயக்கர் காலத்து மதுரைப் புதுமண்டபத்தில் அது தூணிலிருந்து முழு உருவில் பாய்ந்து நிற்கிறது.

சொல் எங்கிருந்து வந்தது? பாம்பையும் கொடுவிலங்கையும் மதயானையையும் குறிக்கும் ‘வியாளம்’ என்னும் வடசொல்லின் திரிபு என்பார் ஒரு சாரார். பிற விலங்குகளை அடக்கி ஆள்வதால் ‘ஆள்’ என்னும் தமிழ் வினையடியிற் பிறந்தது என்பார் மற்றொரு சாரார். யானை ஆனையாகவும், யாடு ஆடாகவும், யாமை ஆமையாகவும் வழங்குவதை நோக்கின், யாளியும் ஆளியும் ஒன்றாதல் வியப்பன்று.

‘ஆள்’ என்னும் அடியிலிருந்து ஐயமின்றிப் பிறந்த இன்னோர் ஆளியும் தமிழில் உண்டு. முதலை ஆள்பவர் முதலாளி; தொழிலை ஆள்பவர் தொழிலாளி. முன்னது சிங்களத்திலும் புகுந்து வணிகரைக் குறிக்கிறது. பின்னது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவானது. கொழுந்து பறிக்கும் கைகளுட் பெரும்பாலானவை பெண்களின் கைகளே என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். ஓசை ஒத்தமையால் உறவு நிலைபெறாது. ஆதலின் இவ்விரண்டு ஆளிகளும் ஒரு வேரின என்று நாம் சாதிக்கவில்லை. எனினும் தொழிலை ‘ஆளுதல்’ என்று நம் மொழி கருதியதே, அக்கருத்து மலையில் என்னவாயிற்று என்று கேட்கும் உரிமை நமக்குண்டு.

1820களில் தொடங்கிய கோப்பிப் பயிருக்காகவும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட பின்னர் அதற்காகவும் தமிழகத்திலிருந்து வந்தவர்களைத் துரைமாரின் ஏடுகள் கூலிகள் என்றே குறித்தன. உழைப்புக்குத் தரும் விலையின் பெயர் உழைத்தவருக்கே பெயராயிற்று. தோட்டத்துக் கணக்கிலோ ஒரு நாள் வேலை ஒரு ‘பேர்’. கொழுந்து குறைந்தால் ‘அரைப் பேர்’. மனிதரின் பெயரும் சம்பளத்தின் அளவுகோலாகிவிட்டது!

தொழிலாளி என்னும் பெயரை அவர்களுக்குப் பெற்றுத் தந்தது போராட்டம். 1931இல் கோ. நடேசய்யர் ஹட்டனில் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்தார். அவர் துணைவியார் மீனாட்சி அம்மையார் பாட்டாலும் பேச்சாலும் அவர்களைத் தட்டி எழுப்பினார். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிஸாரின் குண்டுக்கு இரையானார்.

எனினும் 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டே வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலைகளைப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர்ப் பேசித் தீர்ப்பதற்கென ஒதுக்கப்பட்டது. நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டம் வர 2003 ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. குடியுரிமை வந்த பின்னும், லயத்துக் காம்பிராவில் வாழும் எத்தனையோ குடும்பங்களுக்குத் தாம் உறங்கும் மண்ணுக்கு உறுதிப்பத்திரம் இல்லை.

ஒருநாளும் உயிரோடு உலவாத விலங்குக்கு நம் முன்னோர் கல்லில் நிலையான இடம் தந்தனர். காட்டைத் தேயிலை மலையாக்கிய மக்களுக்கு ஒரு துண்டு நிலத்தை அவர்கள் பெயரில் எழுதித் தர இந்நாடு இன்னும் தயங்குகிறது. அரைப் பேராக எண்ணப்பட்டவர் முழுப் பெயரோடு தம் மண்ணில் நிற்கும் நாளில்தான், தொழிலாளி என்னும் சொல்லின் ‘ஆளி’ தன் பொருளை நிறைவாகப் பெறும்.