தோளில் வந்த காலைச் சோறு

கரிவலம்வந்தநல்லூரிலிருந்து மேற்கே போய், புளியங்குடி தாண்டிக் கடையநல்லூர், தென்காசி என்று தெற்கே இறங்கினால், பழைய முஸ்லிம் குடும்பங்களில் பினாங்கு, சிங்கப்பூர் பேச்சு அடிபடாத வீடு குறைவு. தறியை விட்டுக் கப்பலேறியவர்களின் ஊர்கள் அவை. 19-ஆம் நூற்றாண்டில் மில் துணி வந்து கைத்தறியை அடித்தது. 1876-78 பஞ்சம் மிச்சத்தையும் துடைத்தது. நெசவாளிகள் நாகப்பட்டினத்தில் கப்பல் பிடித்தார்கள். சிங்கப்பூர் போன கடையநல்லூர்க்காரர்கள் தஞ்சோங் பகார் துறைமுகத்தை ஒட்டியே ஒரு குட்டிக் கடையநல்லூரை உண்டாக்கி, 1946-இல் உமறுப் புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளியும் நடத்தினார்கள். பினாங்கில் இறங்கியவர்கள், தங்களுக்கு முன்பே அங்கே வேர்விட்டிருந்த ராமநாதபுரம் கரையோரத்து முஸ்லிம்களோடு கலந்தார்கள். அந்தக் கூட்டத்தின் கையில் பிறந்ததுதான் இன்று மலேசியா முழுக்கப் பேர்போன நாசி கண்டார்.

இப்போது நடுராத்திரியிலும் வரிசையில் நின்று இதைச் சாப்பிடுகிறார்கள். ஆனால் பிறந்தபோது இது காலைச் சாப்பாடு. 1786-இல் ஆங்கிலேயர் குடியேற்றம் தொடங்கிய பினாங்கின் ஜார்ஜ் டவுனில், நூறு வருடத்துக்குள் படகுத்துறை நிரம்பி, கடலைத் தூர்த்து வெல்ட் கீ என்ற புதுத் துறையே கட்ட வேண்டியதாயிற்று. கப்பலில் வந்த சரக்கை இறக்கித் தோளில் தூக்கிக் கிட்டங்கியில் சேர்க்கும் கூலிக்கு இட்லி, இடியாப்பம் தாங்காது. மத்தியானம் வரை வயிறு நிற்க வேண்டும். பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் அரிசி மலேயாவுக்குள் கொட்டிக்கொண்டிருந்த காலம் அது. விடிகிற நேரத்தில் சுடுசோறும் மீன்குழம்பும் அவர்கள் நிற்கிற இடத்துக்கே வந்தால் வேறென்ன வேண்டும்?

வந்த விதம்தான் முக்கியம். தோளில் ஒரு தண்டு, இரண்டு முனையிலும் தொங்கும் கூடைகள். நம் பக்கத்தில் பதநீர் சுமந்து வந்தவர்கள் வைத்திருந்த அதே காவடி. மலாய்க்காரர்கள் அதைக் கண்டார் என்பார்கள். நாசி என்றால் சோறு. ஒரு பக்கக் கூடையில் சோற்றுப் பானை, மறு பக்கத்தில் குழம்புச் சட்டிகள். தண்டு தோளில் சமநிலையில் நிற்க வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் ஒத்துக் குறைய வேண்டும். சோறு மட்டும் விற்றுத் தீர்ந்து குழம்பு மிஞ்சினால் நடக்கவே முடியாது. ஆளுக்கு ஒரு அகப்பை சோறு, அதற்குக் கணக்காகக் குழம்பு என்ற அளவு அந்தத் தண்டு சொல்லிக் கொடுத்த அளவாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. நடந்து போகிறவன் பத்து வகைக் கூட்டும் பொரியலும் அப்பளமும் சுமக்க முடியாது. மீன், மீன்சினை, கணவாய், மாட்டிறைச்சி, அவித்த முட்டை, வெண்டைக்காய். ஏறக்குறைய அவ்வளவுதான்.

குழம்புகளை ஒன்றின் மேல் ஒன்றாக ஊற்றுவதுதான் இந்தச் சாப்பாட்டின் உயிர். பரிமாறுகிறவர் கரண்டியை மீன்குழம்பில் முக்குவார், அதே கரண்டியை இறைச்சிச் சட்டியில் விடுவார், அடுத்து கோழிக்குழம்பில், கடைசியாகக் கறுத்த எண்ணெய் மிதக்கும் இன்னொரு சட்டியில். சோற்றின் நான்கு பக்கமும் நான்கு நிறம் இறங்கி அடியில் ஒன்றாகும். சோறு முங்க வேண்டுமா, 'பஞ்சிர்' என்று சொன்னால் போதும். மலாயில் வெள்ளம். மீன்துண்டோ கறித்துண்டோ வாங்கக் காசில்லாத கூலிக்கு எல்லாக் குழம்பிலும் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்ததில் இந்த வழக்கம் வந்தது என்று சொல்வார்கள். நம்பலாம். ஆனால் பரோட்டாவைச் சால்னாவில் மிதக்கவிட்டுச் சாப்பிடும் தென்காசிப் பக்கத்து ஆட்களுக்கு இதற்கு ஏழ்மைதான் காரணமாக இருக்க வேண்டும் என்றில்லை.

இன்று இருப்பவற்றில் மூத்த கடை ஹமீதியா. 1907-இல் கேம்பல் தெருவில் ஒரு மரத்தடியில் முகம்மது தம்பி ராவுத்தர் காவடியை இறக்கி வைத்துத் தொடங்கிய வியாபாரம், அதே தெருவில் இன்றும் நடக்கிறது. ஒவ்வொரு கடையும் பாட்டன் காலத்து மசாலா ரகசியம் என்று ஒன்று வைத்திருக்கிறது. ரகசியம் இருந்துவிட்டுப் போகட்டும். மல்லி, வத்தல், சீரகம், சோம்பு, மிஞ்சிப்போனால் பட்டை, அன்னாசிப்பூ. இது நம் அம்மிக்குத் தெரியாத கலவை அல்ல. புதிதாக இருந்தது நேரமும் சுமையும்தான்.

பிறகு இந்தச் சோற்றுக்கு ஒரு கூரை கிடைத்தது. கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் சீனர்கள்.

பினாங்கின் சீனக் காப்பிக்கடையைக் கோப்பித்தியாம் என்பார்கள். அதைப் பெரும்பாலும் நடத்தியவர்கள் ஹைனான் தீவிலிருந்து வந்தவர்கள். மற்ற சீனர்களுக்குப் பிந்தி வந்ததால், நல்ல தொழில்களெல்லாம் ஹொக்கியன்காரர், கான்டன்காரர் கைக்குப் போயிருந்தன. ஹைனான்காரர்கள் வெள்ளைக்காரர் வீட்டிலும் கப்பலிலும் சமையல்காரர்களாகப் போனார்கள். அங்கே கற்ற ரொட்டி வாட்டலும் அரைவேக்காட்டு முட்டையும்தான் அவர்கள் கடையின் முதலீடு. முட்டையில் சோயா சாறு, மிளகுத்தூள். ரொட்டிக்குத் தேங்காய்ப்பாலும் முட்டையும் சர்க்கரையும் சேர்த்துக் கிண்டிய காயா. சர்க்கரையும் மார்கரினும் போட்டுக் கறுக வறுத்த காப்பிக்கொட்டைத் தூளை நீளத் துணிப்பையில் போட்டு, உயரத் தூக்கி வெந்நீர் ஊற்றி வடிப்பார்கள்.

இந்தக் கடையின் ஏற்பாட்டில்தான் சூட்சுமம். முதலாளி காப்பி, தேநீர், ரொட்டியோடு நிறுத்திக்கொள்வார். சாப்பாட்டுக்கு வாசலிலும் உள்ளேயும் இடத்தை வாடகைக்கு விடுவார். ஒரு மூலையில் ஹொக்கியன்காரர் நூடுல்ஸ் போடலாம், இன்னொரு மூலையில் தமிழ் முஸ்லிம் சோற்றுச் சட்டியை இறக்கலாம். முஸ்லிம் கடை வந்தால் பன்றி இறைச்சிக்கு இடமில்லை என்பது பேசாமலே புரிந்த ஒப்பந்தம். வெயிலிலும் மழையிலும் தெருத்தெருவாய் அலைந்தவருக்கு நிழல், மேசை, தண்ணீர். சீனருக்கு வாடகையும், சோறு தின்றவர் குடிக்கும் காப்பிக் காசும். இன்றும் பினாங்கில் காலை ஏழு மணிக்குச் சீனக் கடை மேசையில் மீன்சினைக் குழம்புச் சோறும் பால் சேர்க்காத 'கோப்பி ஓ'வும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். சாப்பிடுகிறவர் பாதி நேரம் சீனராக இருப்பார்.

ஒரே கூரையின் கீழ் இருந்தால் சட்டியும் கலக்கத்தானே செய்யும். சீனரின் மஞ்சள் நூடுல்ஸை எடுத்து, வத்தல் விழுதும் உருளைக்கிழங்கும் கணவாயும் போட்டு இரும்புச் சட்டியில் புரட்டியவர் தமிழ் முஸ்லிம். அது மீ கோரிங். நூடுல்ஸ் சீனருடையது, பெயரில் பாதி மலாய்க்காரருடையது, காரம் நம்முடையது. நான் கேட்டால் நாசி கண்டாரைவிட இதுதான் பெரிய கெட்டிக்காரத்தனம் என்பேன். ஆனால் புகழ் சோற்றுக்குத்தான் போனது.

1941 டிசம்பரில் ஜப்பானியர் குண்டு போட்டு ஊரைப் பிடித்தார்கள். அரிசி வரத்து நின்று, மரவள்ளிக் கிழங்கே சோறான வருடங்கள் வந்தன. போர் முடிந்தபின் தண்டு மெல்லத் தோளைவிட்டு இறங்கிவிட்டது. தள்ளுவண்டி, காப்பிக்கடை மூலை, சந்து, கடைசியில் குளிரூட்டிய கிளைகள். பெலித்தா என்ற சங்கிலிக் கடை சென்னைக்கே வந்து கிளை திறந்தது. கேப்டன் கிளிங் பள்ளிவாசலை ஒட்டிய கடை இரவு வரிசைக்கே பேர்போனது. பினாங்கு ரோட்டுச் சந்தில் இருக்கும் லைன் கிளியர், இரவு பகல் பாராத கடையாகவே பேர்பெற்றது.

இப்போது முதலாளிகளின் புலம்பல் ஆள் பஞ்சம். அவர்கள் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து விமானத்தில் வரும் பையன்களுக்கு அனுமதி வாங்குவது பெரும்பாடு. தெருக்கடைகளில் ஊர்ச் சமையலை வெளிநாட்டார் சமைக்கக் கூடாது என்று 2016-இல் பினாங்கு மாநில அரசு விதியே கொண்டுவந்தது. வெளியூர்க்காரர் சமைத்துப் பேர்வாங்கிய ஊரில் இப்படி ஒரு விதி!

போகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். இரவு வரிசையை விட்டுவிட்டு, ஏதாவது ஒரு சீனக் காப்பிக்கடை மூலையில் காலையிலேயே சாப்பிடுங்கள். மத்தியானம் நெருங்கிப் போனால் மீன்சினை தீர்ந்திருக்கும். முட்டையும் வெண்டைக்காயும்தான் மிஞ்சும்.