குக்கருக்கும் குக்கீக்கும் உறவில்லை

திண்டுக்கல் சமவெளியில், ஆத்தூர் வட்டத்துச் சித்தையன்கோட்டை போன்ற பேரூர்களில் எல்லா வீட்டிலும் ஓவன் இருக்காது, குக்கர் இருக்கும். அதன் அடியில் கல்லுப்பைப் பரப்பி, மூடியின் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, உள்ளே ஒரு தாங்கியின் மேல் தட்டை வைத்து மூடினால் அதுவே ஓவன். சாக்லேட் சிப் குக்கீயை இப்படியும் வீட்டில் சுட்டு எடுக்கலாம். குக்கரில் வேகிறது, அதனால் குக்கீ என்று யாராவது பெயர்க்காரணம் சொன்னால் நம்பத்தான் தோன்றும். ஆனால் இரண்டு சொல்லுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

குக்கர் என்பதில் உள்ள ‘குக்’ லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. சமைப்பது, சுடுவது என்று பொருள்படும் அதே லத்தீன் வினையின் எச்சம் ‘கொக்டுஸ்’. அதன் முன்னால் ‘இருமுறை’ என்னும் ‘பிஸ்’ சேர்ந்து, பிரெஞ்சு வழியாக வந்ததே பிஸ்கட். கப்பலில் மாதக்கணக்கில் கெடாமலிருக்க, சுட்டதை மறுபடியும் அடுப்பில் வைத்து ஈரத்தை வாங்கிவிடுவார்கள். ஆக, குக்கருக்குப் பங்காளி பிஸ்கட். குக்கீ வேறு குலம். அதன் மூதாதை ‘கூக்’ என்ற டச்சுச் சொல், பொருள் கேக். கேக் என்ற ஆங்கிலச் சொல்லும் வடஜெர்மானிய மொழி வழியாக அதே குடும்பத்தைச் சேர்ந்தது. ‘கூக்’குடன் சிறுமை காட்டும் விகுதி சேர்ந்தால் ‘கூக்யெ’, அதாவது குட்டிக் கேக்.

தமிழுக்கு முதலில் வந்தது பிஸ்கட்டும் அல்ல, குக்கீயும் அல்ல, பிஸ்கோத்து. மேசை, சாவி, ஜன்னல், அலமாரி ஆகியவற்றைத் தந்த போர்த்துக்கீசியர் கொண்டுவந்த சொல் அது. பின்னால் ஆங்கிலேயர் ஆட்சி வந்தது, ஆலைகள் வந்தன. 1892இல் கல்கத்தாவில் பிரிட்டானியாவின் தொடக்கம்; 1929இல் பம்பாயில் பார்லே. பொட்டலத்தில் அச்சடித்த பெயர் பிஸ்கட். பண்டம் அந்தப் பெயரோடு போய்விட, பழைய பெயருக்கு வேலை குறைந்தது. இன்று ‘பிஸ்கோத்துப் பய’ என்று ஆளைக் கேலி செய்யத்தான் அது அதிகம் பயன்படுகிறது. பண்டத்தை இழந்த சொல் வசவில் பிழைத்துக்கொண்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

கூக்யெயின் கதை இன்னும் சுவையானது. பதினேழாம் நூற்றாண்டில் அது டச்சுக் கப்பல்களில் மேற்கே ஒரு வழியும் கிழக்கே ஒரு வழியும் போனது. மேற்கே போனது நியூ ஆம்ஸ்டர்டாமில் இறங்கியது. 1664இல் ஆங்கிலேயர் அந்த ஊரைப் பிடித்து நியூயார்க் என்று பெயர் மாற்றினார்கள். அடுக்களைச் சொற்களை மாற்றவில்லை. 1796இல் அமீலியா சிம்மன்ஸ் வெளியிட்ட ‘அமெரிக்கன் குக்கரி’ என்ற சமையல் நூலில் குக்கீ இடம்பெற்றுவிட்டது. நம்மூர் டீக்கடையில் “என்ன பாஸ்” என்கிறோமே, அந்த பாஸ்கூட அதே டச்சுக் குடியேற்றம் அமெரிக்க ஆங்கிலத்துக்குக் கொடுத்த சொல்தான்.

சாக்லேட் அதில் சேர்ந்தது வெகு பின்னால். மாசசூசெட்ஸ் மாநிலத்து விட்மன் ஊரில் ‘டோல் ஹவுஸ்’ என்ற விடுதியைக் கணவரோடு நடத்திவந்தவர் ரூத் வேக்ஃபீல்ட். மனையியல் முறைப்படி கற்றவர். 1930களில் கட்டிச் சாக்லேட்டைத் துண்டாக்கி மாவில் கலந்து சுட்டார். 1938இல் அவருடைய சமையல் நூலில் வந்த பெயர் ‘டோல் ஹவுஸ் சாக்லேட் கிரஞ்ச் குக்கீ’. டோல் ஹவுஸ் என்றால் சுங்கச்சாவடி. அப்போது பெயரில் ‘சிப்’ இல்லை. சிறிது காலத்திலேயே நெஸ்லே நிறுவனம் சாக்லேட்டைச் சிறு துணுக்குகளாகவே விற்கத் தொடங்கியது. கடைக்கு வந்த அந்தத் துணுக்கே பிறகு பண்டத்துக்குப் பெயராகி, சுங்கச்சாவடியைத் தள்ளிவிட்டது.

கிழக்கே போன கூக்யெ இலங்கையில் இறங்கியது. டச்சுக்காரர்கள் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து, 1796 வரை தீவின் கரையோரங்களை ஆண்டார்கள். அவர்கள் விட்டுப்போன பெயர்தான் சித்திரைப் புத்தாண்டில் இலங்கை வீடுகளில் பொரியும் ‘கொக்கிஸ்’. அரிசி மாவையும் தேங்காய்ப் பாலையும் கரைத்து, பூ அச்சைத் தோய்த்து எண்ணெயில் விடுவார்கள். நாம் அச்சு முறுக்கு என்போம். அச்சின் கம்பி வளைந்திருப்பதால் கொக்கியிலிருந்து வந்த பெயர் என்று ஊகிக்க இடமுண்டு. ஒலி ஒற்றுமை காட்டும் பொய்வழி அது. டச்சுக்காரர்கள் நாகப்பட்டினத்திலும் பழவேற்காட்டிலும் இருந்தார்கள். இந்தக் கரையில் அவர்கள் பெயரால் நமக்குத் தங்கியவை துட்டும் கக்கூஸும். பலகாரத்தின் பெயர் அக்கரைக்குப் போய்விட்டது.

கொக்கிஸின் கடைசி எழுத்தைக் கவனிக்க வேண்டும். டச்சில் ஒன்று கூக்யெ, பல கூக்யெஸ். இலங்கையில் பன்மை அப்படியே ஒருமையாகிவிட்டது. ஒன்றும் கொக்கிஸ், நூறும் கொக்கிஸ். முந்நூறு ஆண்டு கழித்து, அதே சொல் அமெரிக்காவைச் சுற்றிக்கொண்டு தமிழ்நாட்டுக்கு வந்தபோதும் அதுவே நடந்தது. நம் வீடுகளில் “ஒரு குக்கீஸ் குடு” என்றுதான் கேட்கிறார்கள். சிப்ஸும் இப்படித்தான். சாக்லேட்டோ வேறு விதமாக இளகியது. மெக்சிக்கோவின் நாவாட்டில் மொழியிலிருந்து ஸ்பானியம் எடுத்துக்கொண்ட சொல் அது. நம் பெட்டிக்கடையில் தாளில் சுற்றிய எந்த மிட்டாயும் சாக்லேட்தான்.

சொல்லைப் போலவே குடும்பத்துக் கைப்பக்குவமும் ஊருக்கு ஊர் மாறுகிறது. அமெரிக்கக் குறிப்பில் பழுப்புச் சர்க்கரை என்றிருக்கும். இங்கே நாட்டுச் சர்க்கரை விழுகிறது. இரண்டிலுமே வெல்லப்பாகின் புளிப்பு கொஞ்சம் உண்டு. அது ஆப்பச் சோடாவோடு சேர்ந்தால் மாவு உப்பும். வெண்ணெய் உருகிப் பரவும். நடுப்பகுதி மெத்தென்று நிற்கும்.

பத்திரிகைகளில் குக்கி, குக்கீ, குக்கீஸ் என மூன்று விதமாகவும் எழுதுகிறார்கள். பிழை திருத்துபவர்கள் கடைசி ‘ஸ்’ஸை வெட்டுவார்கள், ஆங்கில இலக்கணம் அவர்கள் பக்கம். வழக்கு என்னவோ அம்மாக்கள் பக்கம். வீட்டில் பலகாரத்தை யாரும் ஒற்றையாகச் சுடுவதில்லை. தட்டுத் தட்டாகத்தான் இறக்குகிறார்கள். காதில் முதலில் விழுவது பன்மைதான். கொழும்பில் அன்று அதைத் திருத்த ஆளில்லை, சொல் நிலைத்தது. சித்தையன்கோட்டையிலும் திருத்தாமல் விட்டுவிடலாம்.